அந்த பஸ் யாருடையது?

நீங்கள் அந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை, அண்ணை. "மிக நன்று, அப்படியே அனுப்பலாம்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். பிறகு, அதை எழுதியவளிடம் ஒரு சொல் கேட்காமல், அதையே மாதிரிக் கடிதம் என்று நான்கு பேருக்குக் கொடுத்தீர்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் எங்கள் டொக்டர் சங்கத்தின் இந்த ஆண்டு மலரில் போடமாட்டார்கள். ஆனால் இதை வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீங்கள் யார் என்று தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. சிட்னி மேற்கில் இத்தனை காலம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள், புதிதாக வரும் டொக்டர்களுக்கு உங்கள் அனுபவத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வரும் பிள்ளைகளே, உங்களுக்கு இது தெரிந்ததுதான். எழுத்துப் பரீட்சை, நோயாளியை வைத்து நடத்தும் பரீட்சை இரண்டும் பாஸ் பண்ணினாலும் வேலை கிடைக்காது. வைத்தியசாலையில் வதிவிட டொக்டர் இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு ஒரு பக்கக் கடிதம் வைக்க வேண்டும். நீ யார், ஏன் இந்த வேலை, ஏன் இங்கே. எங்களை விழுத்துவது அந்த ஒரு பக்கம்தான். உடம்பில் உள்ள நரம்பையெல்லாம் பாடமாக்கி வைத்திருப்போம். நீ யார் என்று கேட்டால் வாயடைத்துப் போவோம். எங்கள் வீட்டில் யாரும் அதை எங்களிடம் கேட்டதில்லை.

ஆகவே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவரிடம் போவோம். அவர் பிழை சொல்லமாட்டார். சொன்னால் பிள்ளையின் தாய் கோபிப்பா, அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது. "நல்லாயிருக்கு" என்பார். அதைக் கேட்கத்தான் நாங்களும் போகிறோம். இரண்டு பக்கமும் சந்தோஷம். கடிதத்தை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் கடிதத்தை ஒரு வைத்தியசாலை அலுவலகத்தில் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த எழுதுவினைஞர், தலை முழுக்க நரைத்த வெள்ளைக்காரி, நின்ற நிலையிலேயே வாசித்துவிட்டுச் சொன்னா: "இது யாராகவும் இருக்கலாமே, அம்மணி." எனக்குக் கோபம் வந்தது. ரயிலில் திரும்பும்போது நானே வாசித்துப் பார்த்தேன். அவ சொன்னது சரி. அது யாராகவும் இருக்கலாம். அன்றிரவே வேறு எழுதினேன். முப்பது வருடத்தில் என் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த உபயோகமான ஒரே கருத்து அதுதான். அந்த அம்மா டொக்டரும் இல்லை, எங்கள் ஆளும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2010. சிட்னி மேற்கே டூங்கபியில் ஒரு பலசரக்குக் கடை. கறிவேப்பிலைக் கட்டை எடுத்துக்கொண்டு நிற்கிறேன். கடைக்காரர், "டொக்டர் அன்ரி, இண்டைக்கு முருங்கைக்காயும் வந்திருக்கு" என்றார். பின்னால் நின்ற ஒரு பெண் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். முப்பது வயது இருக்கும்.

"நீங்க டாக்டரா மேடம்?"

"ஓம். ஏன், சுகமில்லையே?"

"இல்ல மேடம். நானும் டாக்டர்தான். நாகர்கோவில்." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. "இங்க இல்ல. ஊர்ல."

கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, கெல்லிவில்லில் புதுவீடு. காலையில் அவர் போனால் மாலைவரை அந்தத் தெருவில் ஒரு மனிதர் நடப்பதில்லை என்றாள். எழுத்துப் பரீட்சை பாஸ். அடுத்த பரீட்சைக்குத் திகதி வராமல் காத்திருக்கிறாள். கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது 2008இல். இங்கே அந்த இடைவெளி கூடக் கூட ஒவ்வொரு கதவாக மூடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஒரு பக்கம். கறிவேப்பிலை வாங்க வரும்போதும் கடிதத்தைக் கொண்டு திரிந்திருக்கிறாள்.

"ஒரு பக்கம்தான் மேடம். சும்மா பாத்து, சரியா இருக்கா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும். எனக்கு இங்க கேக்க ஆளே இல்ல."

"நான் எங்கட வைத்தியசாலையில தெரிவுக் குழுவில இருக்கிறன், பிள்ளை. வாசிக்கக் கூடாது."

அது விதி. அதில் நான் பிழைவிடவில்லை. ஆனால் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கடை பில் துண்டின் பின்பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான், அண்ணை. "இவரிட்ட அனுப்பும். எல்லாப் பிள்ளையளும் இவரிட்டத்தான் அனுப்பிறவை" என்றேன். நீங்கள் வாசிப்பதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நம் எல்லாருக்கும் தெரியும். யாரையாவது கைகாட்டிவிட்டு என் சாமானோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்தது. போனேன். முருங்கைக்காய்க் கறி வைத்துத் தனியே சாப்பிட்டேன். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

2011. தெரிவுக் குழுவில் நான்கு பேர். தலைவர், ஒரு தாதி மேலாளர், ஒரு இளம் வதிவிட டொக்டர், நான். முதல் சுற்றில் பெயரை மறைத்துத்தான் கடிதங்களைத் தருவார்கள். மூன்று வருடம் வேலை செய்யாதவர்களையும் மேற்பார்வையோடு எடுக்கலாம் என்று ஒரேயொரு இடத்துக்கு அந்த வருடம் அனுமதி வாங்கியிருந்தோம். அதை வாங்க அலைந்தவள் நான். பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் தலைவர் ஒரு கடிதத்தை உரக்க வாசித்தார். ரயிலில் ஒருவர் மயங்கி விழுகிறார், நடத்துனர் விசில் ஊதி "டொக்டர் இருக்கிறாரா" என்று கேட்கிறார், விண்ணப்பதாரர் பாய்ந்து எழுந்து காப்பாற்றுகிறார். சரி. சிறிது நேரத்தில் தாதி மேலாளர் ஒன்றை நீட்டினா. இது படகு. விசில், மயக்கம், பாய்ச்சல், காப்பாற்றல். மூன்றாவது, கொழும்புக்குப் போகும் பஸ். நான்காவது விமானம். விமானத்திலும் நடத்துனர் விசில் ஊதினார். எழுதியவர் அதை மாற்ற மறந்துவிட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நடத்துனர் விசில் ஊதும் விமானம்! எனக்கு ஒரு டிக்கெட் வேண்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் காது கொதித்தது. பெயர் மறைத்திருந்தாலும் படித்த பல்கலைக்கழகங்களைப் பார்த்தால் தெரியும், எல்லாம் எங்கட ஆட்கள். அந்த மேசையில் எங்கட ஆள் நான் ஒருத்தி. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்கள். அது பார்ப்பதைவிட மோசம்.

அப்போதுதான் ஐந்தாவது வந்தது. பஸ். நடத்துனர். விசில். நான் அதை மேலால் பார்த்துவிட்டுக் கழித்த குவியலில் வைத்தேன். அந்த இளம் டொக்டர், குழுவிலேயே வயது குறைந்த பையன், அதை எடுத்து முழுதாக வாசித்தான்.

"இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது" என்றான். "இந்த ஆள் உடனே எழும்பவில்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது உண்மையாகவே பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அந்த வரியைக் கொப்பி அடிக்க மறந்திருப்பார்."

அறை வெடித்துச் சிரித்தது. பையனும் சிரித்துவிட்டுக் கடிதத்தைத் திரும்ப வைத்தான். ஐந்தும் போயின. அந்த ஒரேயொரு மேற்பார்வை இடத்துக்கு யாரும் தகுதியில்லை என்று எழுதினோம். அடுத்த வருடம் அந்த அனுமதியே இல்லாமல் போனது.

புதியவர்களே, இந்த இடத்தில் நின்று கேளுங்கள். ஒரு மேசையில் உங்கள் ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், ஒரு வருத்தம், ஒரு நோய் மாதிரி, உங்களைப் பிடிக்கும். நான் பக்கச்சார்பு இல்லாதவள் என்று காட்டும் வருத்தம். உங்கள் ஆட்களை மற்ற எல்லாரையும் விட முதலில், மற்ற எல்லாரையும் விடப் பலமாக அடிப்பீர்கள். அதை நேர்மை என்று நினைப்பீர்கள். நேர்மை இல்லை, பயம். ஐந்து கடிதம் ஒரே மாதிரி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதலில் எழுதியது யார்? கேட்க ஒரு நிமிடம் போதும். நான் அந்த நிமிடத்தில் பகிடி விட்டேன்.

2012 கடைசியில் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழும்பி, தேத்தண்ணி போட்டு, போக இடமில்லாமல் குசினியில் நின்றேன். பிறகும் பல திங்கட்கிழமைகள் அப்படித்தான் போயின. அதை எழுத இது இடமில்லை.

2013இல் சீனி, கொழுப்புப் பார்க்க இரத்தம் கொடுக்கப் போனேன். சின்ன இடம்தான், ஒரு அறை, ஒரு கதிரை, வெளியே ஐந்தாறு பேர் வரிசையில். என் நரம்பு பிடிபடாது. நாலு தடவை குத்தாமல் யாரும் எடுத்ததில்லை. இந்தப் பெண் விரலால் ஒருமுறை தொட்டாள், ஒரே தடவையில் எடுத்தாள். எனக்கு வலிக்கவே இல்லை.

"நல்ல கை" என்றேன்.

"என்னத் தெரியலையா மேடம்? டூங்கபி கடை. கறிவேப்பிலை."

தெரிந்தது. "பிறகு இடம் கிடைச்சுதோ?" என்று கேட்டேன்.

"கிடைக்கல. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போட்டேன். மூணு வருஷ கேப்ப ஏத்துக்கிட்டது அங்க மட்டும்தான். ஒரு லைன்ல பதில் வந்துச்சு." குப்பியில் என் பெயரை ஒட்டிக்கொண்டே சொன்னாள். "இப்ப அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இனி யாரு எடுப்பா? இதுலயாவது மனுஷங்கள தொட முடியுது."

"கடிதத்தில என்ன எழுதினனீர்?"

"பஸ்ஸுல நடந்தது."

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன். "எந்த பஸ்?"

சொன்னாள். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் அரசு பஸ். காலை நேரம். அவள் பயிற்சி டொக்டராகச் சேர்ந்து பத்து நாள். முன் இருக்கையில் ஒரு கிழவர் சரிந்தார். நடத்துனர் விசில் ஊதி பஸ்ஸை மெதுவாக்கி, "டாக்டரு, நர்சு யாராவது உண்டுமா?" என்று கேட்டார். அவள் மடியில் பை. பைக்குள் இதயத்துடிப்புப் பார்க்கும் குழாய், ஒரு முனை வெளியே தெரிந்தது. அவள் அதை உள்ளே தள்ளினாள்.

"உள்ள தள்ளிட்டு ஜன்னலப் பாத்தேன் மேடம். ஒரு ஸ்டாப்பு. பார்வதிபுரத்துல இருந்து அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் உக்காந்தே இருந்தேன். அப்புறந்தான் எழுந்தேன். அவரு போயிட்டாரு. நான் முன்னாடியே எழுந்திருந்தா இருந்திருப்பாரான்னு தெரியாது. அதத்தான் எழுதினேன். நான் எழுந்திருக்கலங்கிறத. ஏன்னா அதுக்குப் பெறகு நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல."

கைத்தொலைபேசியில் அந்த மின்னஞ்சலைக் காட்டினாள். 2010இல் உங்களுக்கு அனுப்பியது. நான் கேட்காமலேயே சொன்னாள்: "ஒம்பது நிமிஷத்துல பதில் போட்டாரு மேடம். எவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். எழுந்து, கையை மடித்துக்கொண்டு, காருக்குப் போய் இருந்தேன். அவள் எழும்பாமல் இருந்தது ஒரு நிறுத்தம். நான் இருந்தது இரண்டு கிழமை, பதினாலு நாள்.

இரண்டு கிழமை கழித்துப் பரிசோதனைத் துண்டு ஒன்றும் இல்லாமல் திரும்பப் போய், வரிசையில் நின்று, அந்தக் கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கொப்பி, விமானத்து விசில், நான் விட்ட பகிடி. அவள் கையுறையைக் கழற்றினாள்.

"எல்லாரும் சிரிச்சாங்களா மேடம்?"

"ஓம்."

"நீங்களும்?"

"நான்தான் சிரிக்க வைச்சனான்."

வேறு புதுக் கையுறை எடுத்துப் போட்டாள். "அது எனக்க பஸ்ஸு மேடம்" என்றாள். "அடுத்தவங்க வெயிட் பண்றாங்க."

மாதிரிக் கடிதம் என்று அதைக் கொடுத்தது நீங்கள்தான் என்பதை ஊகித்து எழுதவில்லை, அண்ணை. முடிவு எழுதிய பிறகு பெயர்களைக் காட்டினார்கள்; அந்த நால்வரில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். கேட்டேன். "அங்கிள் தந்தவர், எங்கட பிள்ளை ஒண்டின்ர நல்ல கடிதம், பார்த்து எழுதுங்கோ எண்டவர்" என்றார்கள். அவர்கள் அதே கடிதத்தை வேறு வைத்தியசாலைகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒவ்வொன்றாகப் போனதால் யாரும் சிரிக்கவில்லை. நால்வரும் இன்று வேலையில் இருக்கிறார்கள். நால்வரும் உடனே எழும்பினார்கள், நால்வரின் நோயாளியும் பிழைத்தார். எழும்பாமல் இருந்த அந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் யாருக்கும் கொப்பி அடிக்க மனம் வரவில்லை.

ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் உங்களைப் பிடித்தேன். ஞாபகம் இருக்கும்.

"தங்கச்சி, இதென்ன பெரிய விசயமே?" என்றீர்கள். "உதவிதானே செய்தனான். நாலு பிள்ளையள் வேலையில இருக்கினம்."

"அஞ்சாவது பிள்ளை?"

"அது இந்தியாப் பிள்ளைதானே. அவைக்கு அவையின்ர ஆக்கள் இருப்பினம்." பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "நீரும் அந்த அறையிலதானே இருந்தனீர். நீர் என்ன செய்தனீர்?"

சாப்பிடாமல் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு என் தொலைபேசி அடிப்பது குறைந்துவிட்டது. கூட்டங்களுக்குப் போனால் என் பக்கத்துக் கதிரை காலியாக இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று எழுதி, கையெழுத்து வைத்து, என் பழைய குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் வருந்துவதாகப் பதில் போட்டார், கோப்பு மூடிவிட்டது என்றார். ஆனால் நாட்டுப்புறத்தில், சிட்னியிலிருந்து ஐந்து மணித்தியாலத் தூரத்தில், ஒரு வைத்தியசாலையில் மேற்பார்வை இடம் ஒன்று திறந்திருக்கிறது. ஐந்து வருட இடைவெளி என்றாலும் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். முடிவுத் திகதிக்கு இன்னும் ஆறு கிழமை. இதற்கு மேல் ஒன்று வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அவள் எழுத மாட்டேன் என்கிறாள். "பஸ்ஸ எழுதினா காப்பிம்பாங்க. பஸ்ஸ விட்டுட்டு எழுதினா அது நான் இல்ல." இதுதான் அவள் சொல்வது. நான் வாதாடிப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. அந்தக் கதை இந்த நகரத்து அலுவலகங்களில் ஒரு பகிடியாகச் சுற்றுகிறது. அதை அவள் எழுதினால் ஆறாவது கொப்பி. இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எம் பேரு வேணாம். பஸ்ஸ எழுதுங்க" என்றாள்.

புதியவர்களே, உங்களிடம் ஒருவர் கடிதம் தந்தால் வாசியுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று சொல்லுங்கள். பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கலியாண வீட்டில் முகம் திருப்பினால் திருப்பட்டும். நன்றாக இருந்தால் அதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அது உங்களுடையது இல்லை.

அண்ணை, சங்கத்தின் வருடாந்த இராப்போசனம் அடுத்த மாதம். வழக்கம்போல மேடையில் முதல் வரிசையில் உங்களை இருத்துவார்கள், வழக்கம்போல ஒலிவாங்கியும் தருவார்கள். நான் பின்னால் இருப்பேன். அந்த நால்வரும் மண்டபத்தில் இருப்பார்கள். என் கையெழுத்து வைத்த தாளில் உங்கள் பெயருக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அதைக் கையில் கொண்டுவருவேன். நீங்களும் கையெழுத்து வைத்தால், அவள் தன் பஸ்ஸை எழுதி, அந்தத் தாளையும் சேர்த்து அனுப்பலாம். நீங்கள் எழும்பி, எல்லார் முன்னாலும், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: 2010இல் உங்களுக்கு வந்த அந்தக் கடிதத்தில், அந்த பஸ்ஸில் இருந்தது யார்?